வேலியோரத்துப் பெர்சிமன்

வத்திராயிருப்பு
06.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

வெங்கடேஸ்வரி எழுதுகிறேன். எனக்கும் பிள்ளை மாரிச்செல்விக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அந்தப் பனியில் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும். நல்ல செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் வயிற்றெரிச்சல். பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள்.

மேலே ராணுவப் போஸ்டுக்குப் போனால் ஏப்ரல் வரை போன் கிடையாது, கடிதம் வந்து சேர மூன்று வாரமோ ஐந்து வாரமோ ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதுவும் நல்லதுக்குத்தான். போனில் சொன்னால் நீங்கள் நடுவிலேயே சமாதானம் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் நான் முடிக்கும் வரை யாரும் குறுக்கே வர முடியாது.

உங்கள் பெர்சிமன் கன்றுகள் இரண்டும் செத்துப்போய்விட்டன.

ஆடி லீவில் வரும்போது இமாச்சலில் இருந்து மூன்று நாள் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்றுகள். உங்களுக்கு உட்கார இடம் கிடைக்காமல் கதவோரம் நின்று வந்தபோதும் கன்றுகளுக்கு மேல் பெர்த்தில் இடம் பிடித்துக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அங்கே தக்காளி மாதிரி இருக்கிற அந்தப் பழத்தைத் தின்றுவிட்டு, இது நம் வீட்டில் காய்க்க வேண்டும், உன் கையால் பறித்து எனக்குத் தர வேண்டும் என்று கேட்டீர்கள். பின்பக்கத்து வேலியோரம் இரண்டடிக்கு இரண்டடி குழி வெட்டினீர்கள். செம்மண், மக்கிய சாணம், வேப்பம்புண்ணாக்கு என்று ஒவ்வொன்றாகக் கலந்தீர்கள். ஒட்டுக் கட்டின இடம் மண்ணுக்குள் போகக் கூடாது என்று மாரிச்செல்வியின் ஸ்கேலை வாங்கி அளந்து பார்த்தீர்கள். அதற்குப் பிறகு வளர்த்தவள் நான். புரட்டாசி வெயிலுக்குத் தென்னங்கீற்று கட்டினேன். தண்டில் படாமல் சுற்றி வட்டமாகத் தண்ணீர் விட்டேன். ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் தேங்கியபோது நனைந்துகொண்டே போய் வடித்துவிட்டேன். இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். நீங்கள் இல்லாத வீட்டில் காலையில் எழுந்ததும் நான் போய்ப் பார்த்தது அந்தக் கன்றுகளைத்தான்.

கார்த்திகைக் கடைசியில் இலை மஞ்சளானது. பிறகு சிவந்தது. மார்கழி பாதிக்குள் ஒரு இலை மிச்சமில்லாமல் கொட்டிவிட்டது. இப்போது இரண்டு குச்சிகள் நிற்கின்றன. நம் மாமரம் என்றைக்காவது இப்படி நின்றதுண்டா? கொய்யா நின்றதுண்டா? எலுமிச்சை? பழமரம் மொட்டையானால் பட்டுப்போனது என்று மாரிச்செல்விக்குக்கூடத் தெரியும்.

யார் செய்தது என்றும் எனக்குத் தெரியும். உங்கள் அண்ணன் பாண்டிதுரைதான். ஐப்பசியில் டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்தவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஏம்மா, இது வளந்து பாதைய அடைச்சிச்சுன்னா நான் வெட்டிப் போட்ருவேன், பொறவு தம்பிகிட்ட சொல்லி அழக்கூடாது” என்றார். உங்கள் மதினி கருத்தம்மா அக்காவுக்கு வேறு மனத்தாங்கல். “ரெண்டு கன்னு கொண்டாந்தான்ல, எங்களுக்கு ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போயிருவிய, ஒரு தக்காளி மரத்துக்கு இம்புட்டுச் சீராட்டா” என்று குழாயடியில் நான்கு பேர் முன்னால் கேட்டாள். கார்த்திகையில் உங்கள் அண்ணன் முதுகில் மருந்து டேங்கை மாட்டிக்கொண்டு அந்த வேலியோரம் நெடுகக் களைக்கொல்லி அடித்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பதினைந்தே நாளில் இலை மஞ்சளானது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

போன வாரம் வந்து மரத்தைப் பார்த்துவிட்டு, “பட்டுப்போச்சு போலயே, நம்ம மண்ணு சேரல” என்று உச்சுக்கொட்டினார். கொன்றவரே துக்கம் விசாரிக்க வருகிறார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒரு நாள் சண்டையோடு தீர்ந்துபோகும். எனக்கு அது போதாது.

பனிக் கையுறையைக் கழற்றாதீர்கள்.

உங்கள்
வெங்கடேஸ்வரி


வத்திராயிருப்பு
22.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. இந்த வருடம் எனக்குக் கரும்பு கூடுதலாக இனித்தது. ஏன் என்று சொல்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

நம் கூட்டுக் கிணற்று மோட்டார் கருகிவிட்டது. கருக்கியது நான்.

எங்கள் அப்பா ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர் என்பதை உங்கள் வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆறாவது படிக்கும்போதே லீவு நாளில் செம்புக் கம்பி சுற்றியவள் நான். மோட்டாருக்கு மூன்று பேஸில் கரண்ட் வர வேண்டும். ஒரு பேஸ் இல்லாவிட்டால் சுற்றவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உறுமி உறுமியே காயில் வெந்துபோகும். அதைத் தடுக்கிற பெட்டி அடிக்கடி நின்று தொல்லை கொடுக்கிறது என்று உங்கள் அண்ணன் போன வருடமே அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்து வைத்திருக்கிறார். அதோடு ஆட்டோ ஸ்விட்சை வேறு போட்டுவிட்டுப் போய்விடுவார். கரண்ட் வந்தால் அதுவாக ஓடும்.

பத்தாம் தேதி நம் தென்னைக்கு உரம் வைக்கப் போவதாகக் கிளம்பினேன். மோட்டார் அறையில் ஒரு பியூஸ் கட்டையை உருவினேன். கம்பியை பிளேயரால் ஒரு வெட்டு வெட்டி, கட்டையை முன்பு போலவே மாட்டிவிட்டு வந்தேன். அரை நிமிட வேலை. மறுநாள் காலையில் கரண்ட் வந்திருக்கிறது. பக்கத்து வயல் சங்கிலிப்பாண்டி அண்ணன் புகையைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாளையும் பார்த்துத்தான் செய்தேன். பொங்கலுக்கு முன்னால் கருகினால் பட்டறையில் ஆள் இருக்காது. காயில் கட்டுகிற பையன்கள் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள், திரும்பி வந்து உட்காரப் பத்து நாளாகும். அப்பா இருந்தபோதும் அப்படித்தான். உங்கள் அண்ணன் மோட்டாரைக் கழற்றி பைக்கில் கட்டி ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனார். கடை பூட்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு கடை ஏறி இறங்கினார். அங்கும் அதே கதை. மோட்டார் இன்னும் ராஜபாளையத்தில்தான் கிடக்கிறது.

அவருடைய ஒன்றரை ஏக்கர் நெல் இப்போதுதான் பால் பிடிக்கிறது. பால் பிடிக்கும்போது பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பங்கில் தென்னை மட்டும்தான். தென்னை தாங்கும். சங்கிலிப்பாண்டி அண்ணன் தன் கிணற்றிலிருந்து இரண்டு நாள் தண்ணீர் விட்டார். அதற்கு மேல் அவருக்கும் பயிர் இருக்கிறதே.

நேற்று உங்கள் அண்ணன் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கதிரைக் கிள்ளி நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தென்னைக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் நிறைந்தது. என் கன்றுகளை நான் இப்படித்தானே தினமும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். கூடப் பிறந்தவர் என்றால் தம்பி மடியில் கொண்டுவந்ததற்கு விஷம் வைக்கலாமா?

மாரிச்செல்விக்கு மேல் பல் ஒன்று விழுந்துவிட்டது. சிரித்தால் உங்களை மாதிரியே இருக்கிறாள்.

உங்கள்
வெங்கடேஸ்வரி


வத்திராயிருப்பு
23.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களிடமிருந்து டிசம்பருக்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. பனி அதிகமாக இருக்கும், தபால் இறங்காது என்று தேற்றிக்கொள்கிறேன். உங்கள் அண்ணனும் மூன்று நாளைக்கு ஒரு தடவை வாசலில் நின்று, “தம்பிகிட்ட இருந்து ஏதும் வந்துச்சாம்மா” என்று கேட்டுவிட்டுப் போகிறார். இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லி உள்ளே வந்துவிடுவேன். அந்த நடிப்பைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

அவர் வயல் முழுதும் பதராகிவிட்டது. மோட்டார் வந்து சேர்ந்தபோது ஜனவரி இருபத்தேழு ஆகிவிட்டது. அறுப்பு மெஷின்காரர் வயலைப் பார்த்துவிட்டு, “இதுல இறக்குனா டீசலுக்குக்கூட ஆவாது” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மாட்டை அவிழ்த்து மேயவிட்டார்கள். இப்போது உங்கள் அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு இரண்டாம் ஷிப்ட் போகிறார். ஐம்பத்தொரு வயதில் பஞ்சு மூட்டை தூக்குகிறார். கருத்தம்மா அக்கா குழாயடியில் இப்போது யாரிடமும் சத்தமாகப் பேசுவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கோட்டை விட்டுவிட்டேன். பட்டறைக்காரர் காயிலைப் பிரித்ததும், இரண்டு பேஸ் கருகி ஒன்று மட்டும் புதுசாக இருக்கிறதே, ஒரு பேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். உங்கள் அண்ணன் வந்து பியூஸ் கட்டையை உருவிப் பார்த்திருக்கிறார். உருகி அறுந்த கம்பிக்கும் வெட்டிய கம்பிக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர். யாரோ வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்துவிட்டது. யார் என்று மட்டும் தெரியவில்லை. என் மேல் சந்தேகமே வரவில்லை. தம்பி பெண்டாட்டி, பங்குக் கிணறு, நம் பொருளை நாமே கருக்குவோமா என்று நினைத்திருப்பார்.

போன வெள்ளிக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, அடிவாரத்துக் கருப்பசாமி கோயிலில் போய்க் காசு வெட்டிப் போட்டுவிட்டார். படிக்கட்டில் காசை வைத்து உளியால் இரண்டாக வெட்டி, செய்தவனை நீயே பார்த்துக்கொள் என்று சாமியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார். ஊரே அதைத்தான் பேசுகிறது.

எனக்குப் பயம் இல்லை. வெட்டட்டும். என் கன்றுக்கு விஷம் அடித்தது யார் என்று கருப்பசாமிக்குத் தெரியாதா? கணக்கு அங்கிருந்துதானே தொடங்க வேண்டும். முதலில் அவரைத்தான் கேட்கும்.

கன்று நிற்கும் பக்கம் நான் போவதே இல்லை. பார்த்தால் மறுபடியும் ரத்தம் கொதிக்கிறது. பங்குனியில் குச்சிகளைப் பிடுங்கிவிட்டு முருங்கை வைக்கலாம் என்றிருக்கிறேன்.

ஒரு கடிதம் போடுங்கள்.

உங்கள்
வெங்கடேஸ்வரி


வத்திராயிருப்பு
15.03.2025

என் அத்தானுக்கு,

புதன்கிழமை உங்கள் கடிதம் வந்தது. என் முதல் கடிதத்துக்கு எழுதிய பதில். மற்ற இரண்டும் உங்களுக்கு இன்னும் வந்திருக்காது, அல்லது இப்போது வந்திருக்கும். எந்த வரிசையில் இவை உங்கள் கைக்கு வருகின்றன என்று தெரியாமல் எழுதுகிறேன். இதை முதலில் பிரித்திருந்தால் மற்றதையும் படித்துவிட்டு வாருங்கள். மறைக்க இனி ஒன்றும் இல்லை.

நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்கும். அடி பைத்தியக்காரி, அந்த மரம் பனிக்காலத்தில் மொட்டையாகத்தான் நிற்கும், இமாச்சலில் தோட்டம் தோட்டமாக அப்படித்தான் நிற்கிறது, நான் உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன், தண்ணீரைக் குறைத்து வேரடியில் சருகு போட்டு மூடு, பங்குனியில் துளிர்க்கும், அண்ணனை ஒன்றும் சொல்லிவிடாதே.

கையில் கடிதத்தோடு வேலியோரத்துக்கு ஓடினேன். நகத்தால் பட்டையைக் கீறினேன். உள்ளே பச்சை. கணுவுக்குக் கணு அரிசி அளவில் மொட்டு. ஒரு நுனியில் இலையே விரிந்திருந்தது. இந்த இரண்டு மாதத்தில் எட்டிப் பார்த்திருந்தாலே போதும். பட்டையை ஒரு தடவை கீறிப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. களைக்கொல்லி வேலிக்கு அந்தப் பக்கத்துப் புல்லோடு நின்றிருக்கிறது. உங்கள் அண்ணன் அன்றைக்கு உச்சுக்கொட்டியது நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான்.

ஒளிக்காமல் சொல்கிறேன். அப்போதும் நான் உடனே போய்க் காலில் விழவில்லை. யாருக்கும் தெரியாது, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம், அடுத்த போகத்துக்கு ஏதாவது உதவி செய்து ஈடு கட்டிவிடலாம் என்றுதான் அன்று முழுதும் யோசித்தேன். அவ்வளவு கெட்டவள் நான்.

மறுநாள் காலையில் கருத்தம்மா அக்கா வந்தாள். உங்கள் கடிதம் வந்ததை தபால்காரர் சொல்லியிருக்கிறார். நல்லா இருக்கானா, சாப்பாடு எப்படியாம் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். பேச்சு கோயிலுக்குப் போனது. “அன்னிக்கு ஒங்க பெரியத்தான் மொதல்ல தம்பி நல்லபடியா ஊர் வந்து சேரணும்னு தேங்கா உடச்சாரு. பொறவுதான் காசு வெட்டுனாரு. வெட்டும்போது சொன்னத கேட்டு எனக்கே ஒடம்பு நடுங்கிருச்சுட்டி. என் பயிரக் கருக்குன வீட்டுல ஆம்பள தங்கக் கூடாதுன்னுட்டாரு” என்றாள்.

நம் வீட்டில் உங்களைத் தவிர ஆண் யார் இருக்கிறார்கள்?

அவள் அதற்குப் பிறகு பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. டிவியில் போன வாரம் பனிச்சரிவு என்று ஒரு செய்தி ஓடியது. எந்த இடம் என்று கேட்கும் முன்பே அணைத்திருந்தேன். அது ஞாபகம் வந்தது. டிப்ளமோ படித்தவள் காசு வெட்டியதற்குப் பயப்படுகிறாளே என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டால் போதும் எனக்கு.

எழுந்து அவள் கூடவே அவர்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கன்று மொட்டையானதில் இருந்து பியூஸ் கம்பியை வெட்டியது வரை, ஒன்று விடாமல். கருத்தம்மா அக்கா என் முடியைப் பிடித்துவிட்டாள். “பாவி, ஒரு செடிக்காடி எங்க வயித்துல அடிச்ச” என்று இரண்டு அறை அறைந்தாள். மூன்றாவது அறைக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. யாருக்குச் சாபம் விட்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

உங்கள் அண்ணன் எழுந்திருக்கவில்லை. கை சோற்றில் இருந்தது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வயலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “தம்பி வேலு கடைசியா கடிதாசி எழுதுனது என்னிக்கி” என்று மட்டும் கேட்டார். பிப்ரவரி ஒன்பது என்றேன். “நான் வெட்டுனது இருவத்தொண்ணு” என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை. வெட்டியவரே போய், செய்தவரை எதிரில் நிறுத்தி, ஒரு முழுக் காசை வைத்துத் தண்ணீர் ஊற்றினால்தான் விலகும் என்றார் பூசாரி. தலையோடு குளித்து ஈரச் சேலையோடு நின்றேன். செய்ததைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அங்கே இருபது பேராவது நின்றிருப்பார்கள். இன்றைக்கு வ. புதுப்பட்டி, சுந்தரபாண்டியம் வரை தெரிந்திருக்கும். தெரியட்டும். பட்டாளத்தான் பெண்டாட்டி கொழுந்தன் பயிரைக் கருக்கினாளாம், இல்லை, மூத்தவர் பயிரைக் கருக்கினாளாம் என்று முறைகூடத் தெரியாமல் பேசிக்கொண்டு போனார்கள். உங்கள் அண்ணன் செம்பில் தண்ணீரை எடுத்துக் காசின் மேல் ஊற்றினார். ஒரு செம்பு பத்தாது என்று மூன்று செம்பு ஊற்றினார்.

திரும்பும்போது பஸ் ஏறும் முன் அவர் என் பக்கம் திரும்பாமலே, “மீட்டாச்சு, சரி. வெட்டுன நாளுக்கும் இன்னிக்கும் நடுவுல இருவத்தொரு நாளு இருக்கே” என்றார்.

கருத்தம்மா அக்கா என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது எனக்கு வேண்டியதுதான். நெல்லையும் மானத்தையும் நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று நீங்கள் வந்து சொல்லுங்கள், செய்கிறேன். கன்றுக்குச் சருகு போட்டிருக்கிறேன், நீங்கள் சொன்னதற்காக. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இன்று காலையில் உங்கள் அண்ணன் தபால் ஆபீஸ் வாசலில் நின்றார். பை பிரித்துக் கடைசிக் கடிதம் எடுக்கும் வரை நின்றுவிட்டு அப்புறம்தான் பஸ் பிடித்து மில்லுக்குப் போனார். நான் அங்கே போனால் அவர் நகர்ந்து போய்விடுவார் என்று எதிர்ப்பக்கம் கடையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அத்தான், இதைப் படித்ததும் ஒரு வரி எழுதுங்கள். என்னைத் திட்டி எழுதுங்கள். இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று எழுதினாலும் தலைவணங்கி வாங்கிக்கொள்கிறேன். நீளமாக வேண்டாம், கை விறைத்தால் கையெழுத்து மட்டும் போதும். மேலே தேதியைப் போட்டு அனுப்புங்கள்.

உங்கள்
வெங்கடேஸ்வரி